திட்டிவாசல் வழியே வந்தவர்கள்

எங்கள் தெருமுனையில் ஒரு மயில்கொன்றை நிற்கிறது. யார் நட்டது என்று யாருக்கும் தெரியாது. கூர்ந்து பார்த்தால் அதன் பூவில் ஒரு சின்ன விசித்திரம் உண்டு. சிவப்பும் மஞ்சளுமாக ஐந்து இதழ்கள். நான்கு விரிந்து கிடக்கும், ஐந்தாவது மட்டும் சிறுத்து, நடுவில் சுருண்டு நிமிர்ந்திருக்கும். பத்து மகரந்தத்தாள்கள் பூவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காலையில் பால் வாங்கப் போகிறவர்கள், பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருப்பவர்கள் எல்லோரும் அதன் நிழலில்தான் நிற்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்த செடி அது என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். அந்த அளவுக்கு நம் ஊர்ச் செடியாகிவிட்டது.

இதே செடியை ஒரு பெண் தென் அமெரிக்காவில் பார்த்து வரைந்தார். 1705-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம்’ என்ற நூலின் 45-ஆவது படம் அது. பூங்கொத்து, மொட்டு, காய் எல்லாம் ஒரே கிளையில். இலையை மேயும் புழுவும், அது கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகப் பறப்பதும் அதே தாளில். படத்துக்குத் துணையாக அவர் எழுதிய குறிப்பு படத்தைவிடக் கனமானது. சூரினாமின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த பெண்கள் இதன் விதையைத் தின்று கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள். தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். இதை அவர்களே என்னிடம் சொன்னார்கள் என்று எழுதுகிறார். தாவரத்தைப் பற்றிய ஒரு குறிப்பு, பூவின் நிறத்திலிருந்து கிளம்பி ஒரு சமூகத்தின் ஆழமான வலிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அவர் பெயர் மரியா சிபில்லா மெரியன். 1647-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். மாற்றாந்தந்தை மலர் ஓவியர். தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பதின்மூன்று வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார் மெரியன். புழு எதைத் தின்கிறது, எத்தனை முறை தோலுரிக்கிறது, எப்போது கூடு கட்டுகிறது என்று குறித்துவைத்தார். சேற்றிலும் அழுகலிலும் இருந்து பூச்சிகள் தாமாகவே முளைக்கின்றன என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். ஒரு சிறுமி பெட்டிக்குள் இலையைப் போட்டு, முட்டை புழுவாகி, புழு பூச்சியாவதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னாளில் கணவரைப் பிரிந்தார். 1691-ல் ஆம்ஸ்டர்டாமில் குடியேறினார். கப்பல்களில் வந்திறங்கிய அயல்நாட்டுப் பூச்சிகளைச் செல்வந்தர்கள் ஊசி குத்திப் பெட்டிகளில் அடுக்கிவைத்திருந்தார்கள். அவருக்கு அது போதவில்லை. ஊசியில் குத்திய பூச்சி எந்த இலையைத் தின்றது என்று அந்தப் பெட்டி சொல்லாது. 1699-ல், தம் 52-ஆவது வயதில், தாம் சேர்த்ததையும் வரைந்ததையும் விற்ற பணத்தைக் கொண்டு, இளைய மகள் டொரோத்தியாவை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு சூரினாமுக்குக் கப்பலேறினார். அரசரோ கழகமோ அனுப்பிய பயணம் இல்லை. அங்கிருந்த தோட்ட முதலாளிகள், சர்க்கரையைத் தவிர வேறெதையோ தேடி ஒருத்தி வந்திருக்கிறாள் என்று கேலி செய்தார்கள். காட்டுக்குள் வழி வெட்டிக் கொடுத்தவர்களும், புழுவையும் கிழங்கையும் கொண்டுவந்து தந்தவர்களும், பெயர் சொல்லிக்கொடுத்தவர்களும் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களும் அந்த மண்ணின் பழங்குடிகளும்தான். அவர்கள் பெயர் நூலில் இல்லை. ஆனால் அவர்கள் சொன்னது இருக்கிறது. இரண்டு வருடத்தில் காய்ச்சல் அவரைத் திருப்பி அனுப்பியது. 60 படங்களோடு நூல் வந்தது.

மெரியன் செய்த புதிய காரியம் எளிமையாகத் தெரியும்: செடியையும் அதை நம்பி வாழும் பூச்சியையும் ஒரே தாளில் வரைந்தது. அதற்கு முன் பெரும்பாலும் செடி ஒரு புத்தகம், பூச்சி இன்னொரு புத்தகம். உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைப் படிக்கும் துறைக்குப் பெயர் கிடைக்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அது ஓவியத்தில் முதலில் நடந்துவிட்டது. தாவரவியலாளர் லின்னேயஸ் தாம் பார்க்காத பல உயிரினங்களுக்குப் பெயர் வைத்தபோது மெரியனின் படங்களைத்தான் சான்றாகக் காட்டினார்.

மயில்கொன்றை மட்டும் ஐரோப்பாவுக்குச் சுலபமாகப் போய்ச் சேர்ந்தது. தோட்டங்களில் அழகுக்காக வளர்ந்தது. அதைப் பற்றிச் சூரினாம் பெண்கள் சொன்ன செய்தி போகவில்லை. அறிவியல் வரலாற்றாளர் லோண்டா ஷீபிங்கர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். செடி கடல் கடந்தது, பெண்களின் அறிவு கரையிலேயே நின்றுவிட்டது என்பது அவர் காட்டும் உண்மை. ஒரு பெண் எழுதி, அச்சிட்டு, கையில் கொடுத்தும் மருத்துவ உலகம் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நம்பாமல் போனதற்கும் ஒரு கதை உண்டு. மெரியன் கொய்யா மரக் கிளையில் ஒரு பெரிய சிலந்தியை வரைந்திருந்தார். அது ஒரு தேன்சிட்டு போன்ற சிறு பறவையைக் கவ்விக்கொண்டிருக்கும். 1830-களில் ஒரு பாதிரியார், சூரினாமைக் கண்ணால் பார்க்காமலே, இதெல்லாம் கட்டுக்கதை என்று எழுதினார். சொன்னவர் பெண் என்பதால் பாதிரியாரின் சந்தேகம் சுலபமாகச் செல்லுபடியானது. 1863-ல் இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் அமேசான் காட்டில் பறவையைப் பிடித்த சிலந்தியை நேரில் பார்த்ததாக எழுதிய பிறகுதான் அந்தப் பழி நீங்கியது. மெரியன் இறந்து அப்போது 146 வருடம்.

ஏன் தாவர ஓவியத்தில் இத்தனை பெண்கள்? பூ மென்மையானது, பெண்ணும் மென்மையானவள் என்ற வழக்கமான பதில் எனக்குப் பொருந்தவில்லை. ஓவியக் கழகங்களில் மனித உடலை நேரில் வைத்து வரையும் வகுப்புக்குப் பெண்கள் போகக் கூடாது. அது இல்லாமல் பெரிய ஓவியராக அங்கீகாரம் கிடையாது. மெரியன் சில காலம் வாழ்ந்த நூரம்பர்க்கில் எண்ணெய் வண்ணமே ஆண்களின் தொழிற்சங்கத்துக்கு உரியது. இன்னொரு பக்கம், அறிவியல் கழகங்களிலும் பெண்ணுக்கு இடமில்லை. லண்டனின் லின்னேயக் கழகம் முதல் பெண் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது 1904-ன் கடைசியில். கலையின் ராஜகோபுரக் கதவும் சாத்தியிருந்தது, அறிவியலின் கதவும் சாத்தியிருந்தது. பெரிய கதவு சாத்தியிருக்கும்போது ஆள் குனிந்து நுழைய அதிலேயே ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்களே, திட்டிவாசல், பூ வரைவது அப்படி ஒன்றாக இருந்தது. ‘பொழுதுபோக்குதானே’ என்று விட்டுவைத்த வழி. அதற்குள் குனிந்து நுழைந்தவர்கள் உள்ளே போய் நிமிர்ந்து நின்றார்கள்.

நிமிர்ந்து நின்றார்கள் என்று நான் எதை வைத்துச் சொல்கிறேன் என்பதற்கு, வரைவது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் மூலனூர்ப் பக்கம் ஒரு கண்வலிக்கிழங்கு வயலின் வேலியோரத்திலிருந்து ஒரு செங்காந்தள் பூவை எடுத்துவந்து, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவரின் மேஜையில் வைத்து வரைந்து பார்த்தேன். நம் மாநிலப் பூ. கார்த்திகைப் பூ என்று ஈழத்தில் சொல்வார்கள். கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் ஒரு பெயர். நூறு முறை பார்த்த பூ. அரை மணியில் வரைந்து காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, “சூல்தண்டு எங்கே போகுது?” என்று மட்டும் கேட்டார். நான் அதைச் சூலகத்திலிருந்து நேராகக் கீழே இறக்கியிருந்தேன். எல்லாப் பூவிலும் அப்படித்தானே என்று கை தானாகப் போட்ட கோடு அது.

லென்ஸை வைத்துப் பூவைப் பார்த்தேன். செங்காந்தள் தலை கவிழ்ந்து தொங்கும் பூ. ஆறு இதழ்களும் ஓரம் நெளிந்து, பின்னோக்கி மேலே ஏறிச் சுடர் மாதிரி நிற்கும். சூலகம் கீழ்நோக்கித் தொங்கும். அதன் முனையில் தொடங்கும் சூல்தண்டு தொடங்கிய இடத்திலேயே கிட்டத்தட்டச் செங்கோணத்தில் திரும்பிப் பக்கவாட்டில் நீண்டுவிடுகிறது. யாரோ மடக்கிவிட்டது போல. ஆறு மகரந்தத்தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால்களாக வெளியே விரிந்திருக்க, சூல்தண்டும் அந்த வட்டத்தில் ஓர் ஆரமாகச் சேர்ந்துகொள்கிறது. தேனுக்கு வரும் வண்ணத்துப்பூச்சியின் இறகில் மகரந்தம் படும் அதே உயரத்தில் சூல்முடியும் நிற்கிறது. மகரந்தப்பைகள் நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு துலாக்கோல் மாதிரி ஆடுகின்றன. இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்துக்கொள்கிறது. இத்தனையும் நான் பார்த்த பூதான், பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் சொல்லித் தந்த ஒழுங்கு தாவர ஓவியர்கள் எல்லோருக்கும் பொது. முதலில் பூவை வரை, அதுதான் சீக்கிரம் வாடும், இலை காத்திருக்கும். கண் மதிப்பில் போடாதே, பள்ளிக்கூடக் கவராயத்தை வைத்து அள. வெளிச்சம் இடது மேற்புறத்திலிருந்து வருவதாக வை. பூவைப் பிளேடால் நெடுக வெட்டி, உள்ளே இருப்பதைத் தனியே வரை. காய்க்கு இன்னும் நாளாகும்; அதற்குத் தாளில் இடம் விட்டு வை. செங்காந்தள் பச்சை மஞ்சளாகத் திறந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறி, கடைசியில் முழுச் சிவப்பாகும். எந்த நாளின் நிறத்தைப் போடப்போகிறாய் என்பதை முதலிலேயே முடிவு செய்.

யோசித்துப் பார்த்தால், முடிவான ஓவியத்தில் இருக்கும் செடி உலகத்தில் எங்குமே இல்லை. ஐப்பசியின் பூவும் மார்கழியின் காயும், ஒரு செடியின் இலையும் இன்னொன்றின் கிழங்கும் ஒரே தாளில் சேர்ந்திருக்கின்றன. பூச்சி அரித்த இலையை ஓவியர் விட்டுவிடுகிறார். ஆறுக்குப் பதில் ஏழு இதழ் வைத்த தப்புப் பூவை ஒதுக்கிவிடுகிறார். தமிழ் இலக்கணத்தில் இதற்குச் சரியான பெயர் இருக்கிறது: சாதியொருமை. ‘பசு பால் தரும்’ என்றால் தொழுவத்தில் கட்டியிருக்கும் அந்த ஒரு பசு அல்ல, பசு என்ற இனம். தாவர ஓவியம் கோட்டால் எழுதிய சாதியொருமை. எது அந்த இனத்தின் குணம், எது இந்த ஒரு செடிக்கு நேர்ந்த விபத்து என்று பிரித்தறியாமல் ஒரு கோடு போட முடியாது. அப்படிப் பிரித்தறிவதற்குத்தான் வகைப்பாட்டியல் என்று பெயர். கேமரா முன்னால் இருப்பதை எல்லாம் சமமாக எடுக்கும், முடிவு எடுக்காது. பழைய தாவரப் பெயர்கள் பலவற்றுக்கு இன்றும் மூல ஆதாரம் உலர்ந்த செடி அல்ல, ஓர் ஓவியம்தான். அந்த ஓவியத்தை விட்டுவிட்டால் பெயர் அந்தரத்தில் நிற்கும்.

இதைப் பிழைப்புக்காகச் செய்தவர்களும் உண்டு. எலிசபெத் பிளாக்வெல் அப்படி ஒருவர். கணவர் அலெக்சாண்டர் கடனாளிகளுக்கான சிறையில். வீட்டில் வருமானம் இல்லை. மருந்துச் செடிகளுக்கு நல்ல படநூல் இல்லை என்று மருத்துவர்கள் குறைப்படுவது தெரிந்து, லண்டனில் செல்சி மருந்துத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்தார். செடியைப் பார்த்து வரைந்தார். செப்புத் தகட்டில் தாமே செதுக்கினார். அச்சான தாள்களுக்குத் தாமே வண்ணம் தீட்டினார். வழக்கமாக மூன்று தொழிலாளிகள் செய்யும் வேலை. வாரத்துக்கு நான்கு படம் வீதம் 125 வாரம். 1737-க்கும் 1739-க்கும் இடையில் 500 படங்கள். முடித்த படங்களைச் சிறைக்கு எடுத்துப்போய்க் காட்டி, பல மொழிகளில் செடியின் பெயர்களைக் கணவரிடம் கேட்டு எழுதிக்கொண்டார் என்று சொல்வார்கள். புத்தகம் விற்றது, கணவர் வெளியே வந்தார். பிறகு அவர் சுவீடனுக்குப் போய் அரசியல் சதியில் சிக்கி 1747-ல் தலை வெட்டப்பட்டது வேறு கதை. பிளாக்வெல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கணவரின் கதையிலேயே பாதிப் பக்கத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த 125 வாரம்தான் பெரிதாகப் படுகிறது.

மட்டில்டா ஸ்மித்தின் வாழ்க்கையில் இப்படிப்பட்ட திருப்பம் எதுவும் இல்லை. அதனாலேயே அவரை அதிகம் பேர் அறியவில்லை. 1854-ல் பம்பாயில் பிறந்தவர், லண்டன் க்யூ தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் ஹூக்கருக்கு உறவினர். க்யூவின் பெயர்பெற்ற ஓவியர் வால்டர் ஃபிட்ச் சம்பளத் தகராறில் 1877-ல் விலகிப்போனபோது, 1787 முதல் வந்துகொண்டிருந்த ‘கர்ட்டிஸ் தாவரவியல் இதழ்’ தடுமாறியது. ஹூக்கர் இந்தப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்தார். 1878-ல் முதல் படம். அடுத்த 45 ஆண்டுகளில் அந்த இதழுக்கு மட்டும் 2,300-க்கு மேல்.

அவருக்குக் கைவந்த ஒரு வித்தை உண்டு. வெளிநாடுகளிலிருந்து க்யூவுக்கு வருபவை பெரும்பாலும் காகிதத்துக்கு நடுவே அழுத்திக் காயவைத்த செடிகள். பழைய புத்தகத்துக்குள் வைத்து மறந்த ஆலிலையை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நிறம் போயிருக்கும், பருமன் போயிருக்கும், தொட்டால் உதிரும். அதைச் சுடுநீரில் ஊறவைத்து இளக்கி, இதழ் இதழாகப் பிரித்து, மடிப்பு எந்தப் பக்கம் இருந்திருக்கும், குழல் எவ்வளவு உப்பியிருக்கும் என்று ஊகித்து, உயிரோடு நிற்கும் செடியாக எழுப்பிக் காட்ட வேண்டும். அடிபட்டுத் தட்டையான ஒன்றின் உடலமைப்பு முழுவதும் தெரிந்தவரால்தான் அது முடியும். ஸ்மித் அதில் பேர்போனவர்.

உயிரோடு வந்த செடியும் சில நேரம் சோதித்தது. நம் வீட்டுச் சேனைக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்த, சுமத்ராவின் ராட்சதச் சேனை 1889-ல் க்யூவில் பூத்தது. தோட்டத்தில் சேனை பூத்துப் பார்த்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். செத்த எலி கிடக்கிறதோ என்று வீடெல்லாம் தேடுவோம். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் பூங்கொத்தின் பக்கத்தில், மூடிய கண்ணாடி வீட்டுக்குள், அந்த நாற்றத்தில் நின்று வரைந்தவர் மட்டில்டா ஸ்மித். 1898-ல் க்யூவின் முதல் அதிகாரபூர்வ ஓவியராக அறிவிக்கப்பட்டார். வேலை தொடங்கி இருபது வருடம் கழித்து. 1921-ல் லின்னேயக் கழகம் அவரை இணை உறுப்பினராக்கியது. அந்தத் தகுதி பெற்ற இரண்டாவது பெண். அப்போது அவருக்கு 67 வயது.

வரையாமலே தாவரத்தைப் பதிந்தவர் ஒருவரையும் சொல்லிவிட வேண்டும். அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை ஆராய்ந்தார். நூலிழையைவிட மெல்லிய கிளைகள்; கையால் வரைந்தால் கண்தான் கெடும். 1842-ல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீலப்படி முறையில், ரசாயனம் பூசிய தாளின் மேல் பாசியையே பரப்பி வெயிலில் வைத்தார். பாசி மறைத்த இடம் வெள்ளை, மிச்சமெல்லாம் கருநீலம். 1843-ல் வெளிவரத் தொடங்கிய அந்த நூல்தான் உலகில் ஒளிப்படங்களால் ஆன முதல் புத்தகம். ஏ.ஏ. என்று மட்டும் கையெழுத்திட்டிருந்தார். பின்னால் அதைப் பார்த்த ஒருவர், பெயரறியாத பொழுதுபோக்காளர் என்பதன் சுருக்கம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

பெயர் என்றதும் நம் மலைகள் நினைவுக்கு வருகின்றன.

சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த பி.எஃப். ஃபைசன், ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் மலையுச்சிகளின் பூக்களைப் பற்றி 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். நீலகிரி, பழனி மலைகளைப் பற்றி வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் புரட்டுகிற நூல். மலைக்கு வரும் சாதாரண ஆளும் கையில் பூவை வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்குப் படம் இல்லாமல் முடியாது. அந்தப் படங்களைப் பெருமளவில் வரைந்தவர்கள் இரண்டு பெண்கள். நூல் அவர்களை லேடி போர்ன் என்றும் திருமதி ஃபைசன் என்றும் சொல்கிறது. இரண்டும் கணவர்களின் பெயர்.

லேடி போர்ன் என்பவர் எமிலி. கணவர் சர் ஆல்ஃபிரெட் போர்ன் மாநிலக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து, பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இருவரும் கொடைக்கானலைச் சுற்றிச் செடிகளைச் சேகரித்தார்கள். அவற்றில் பல க்யூவில் இருக்கின்றன. எமிலி அவற்றை நீர்வண்ணத்தில் வரைந்துவைத்தார். குறிஞ்சியின் நீலம் காய்ந்த தாளில் நிற்பதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் மறுபடி பார்க்கக் கிடைக்கும். அப்படிப்பட்ட மலையில் நிறத்தைத் தாளில் பிடித்துவைப்பது அறிவியல் வேலை. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பழனிமலைச் செடிக்குத் தாவரவியலாளர் கேம்பிள் ‘போர்னியே’ என்று பெயர் சூட்டினார். லத்தீன் இலக்கணத்தில் அந்த ஈறு பெண்பால். நூலின் முன்னுரை மறைத்த பெண்ணைச் செடியின் பெயர் காட்டிக்கொடுக்கிறது.

பெயர் மறைவது பெண்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அதே சென்னை மாகாணத்தில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகளில் 2,101 தாவரப் படங்கள் உண்டு. அவற்றின் முதுகெலும்பு ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ என்று பெயர் வைத்தார்; அந்தக் காலத்தில் இந்திய ஓவியருக்குக் கிடைத்த அரிய மரியாதை. இன்று அந்தப் பேரினத்தை வேறொன்றோடு சேர்த்துவிட்டதால் பெயர் வழக்கில் இல்லை. திட்டிவாசலில் குனிந்து நுழைந்தவர்களின் வரிசை நீளமானது. மனைவி, மகள், கூலிக்கு வரைந்தவர் என்று அதில் எல்லோரும் இருக்கிறார்கள்.

எமிலியும், நூல் திருமதி ஃபைசன் என்று மட்டும் சொன்ன டயானா ரூத்தும் வரைந்த மலையுச்சிப் புல்வெளிகள் பிறகு சீகை மரமும் தைலமரமும் பைனும் நட்டுப் பெரும்பகுதி மூடப்பட்டுவிட்டன. எந்தெந்தச் செடி எங்கே இருந்தது என்று இன்று சோலைகளையும் புல்வெளிகளையும் மீட்கப் பாடுபடுகிறவர்களுக்கு அந்தக் கோடுகள் சாட்சி.

இவர்கள் எல்லோரும் வெள்ளைத் தாளில், பின்புலம் இல்லாமல் வரைந்தவர்கள். மேரியன் நார்த் மாறுபட்டவர். 1830-ல் ஹேஸ்டிங்ஸில் பிறந்த செல்வந்தர் வீட்டுப் பெண். மணம் செய்துகொள்ளவில்லை. தந்தை 1869-ல் இறந்த பிறகு உலகம் சுற்றக் கிளம்பினார். எண்ணெய் வண்ணத்தில், வேகமாக, செடி நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்து வரைந்தார். பூவை வெட்டிக் காட்டவில்லை, அளவுக்கோடு போடவில்லை. அதற்குப் பதில் பின்னால் இருக்கும் மலை, ஆறு, பக்கத்துக் கொடி, மேயும் பூச்சி எல்லாவற்றையும் போட்டார். சாதியொருமையை விட்டுவிட்டு ‘இந்தச் செடி, இந்த இடத்தில்’ என்று வரைந்தவர். மெரியனின் வழி அது.

1877-ன் தொடக்கத்தில் இலங்கையின் களுத்துறையில் ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரோனின் விருந்தாளியாக இருந்தார். அதே வருடக் கடைசியில் தூத்துக்குடியில் இறங்கி மதுரை, தஞ்சாவூர் வழியாக வந்தார். தஞ்சையில் நீதிபதியாக இருந்த வடமொழி அறிஞர் பர்னெல் இந்துக்கள் வழிபடும் செடிகளைப் பற்றி அவருக்குச் சொல்ல, அவற்றைத் தேடித் தேடி வரைந்தார். வில்வமும் துளசியும் அரசும் அவருக்கு வெறும் செடிகளாக இல்லாமல் மனிதர்கள் கும்பிடும் செடிகளாகத் தெரிந்தன. அது தாது வருஷப் பஞ்சத்தின் காலம் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆளுநர்களின் அறிமுகக் கடிதங்களோடு, கலெக்டர் பங்களாக்களில் தங்கிப் போன பயணம் அது. பேரரசு போட்ட பாதையில் நடந்துதான் அவர் அந்தச் சுதந்திரத்தை அடைந்தார். இரண்டும் உண்மை.

தம் சொந்தச் செலவில் க்யூ தோட்டத்தில் ஒரு காட்சிக்கூடம் கட்டிக்கொடுத்தார். 1882-ல் அது திறந்தது. 832 ஓவியங்கள், சுவரில் இடைவெளியே இல்லாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொங்குகின்றன. நடந்து களைத்து வருகிறவர்களுக்குத் தேநீரும் காபியும் கொடுக்க வேண்டும் என்று கேட்டார், ஹூக்கர் மறுத்துவிட்டார். நார்த் கதவுகளுக்கு மேலே தேயிலைச் செடியையும் காபிச் செடியையும் வரைந்துவைத்தார்.

துல்லியமான தாவர ஓவியம் அல்ல, இயற்கைக் காட்சிதான் என்று அவர் படங்களை ஒதுக்கியவர்கள் உண்டு. 1876-ல் போர்னியோவின் சரவாக்கில் அவர் ஒரு பெரிய குடுவைச் செடியை வரைந்தார். இப்படி ஒன்று அறிவியலுக்குத் தெரியாதே என்று அந்தப் படத்தைப் பார்த்த தாவர வணிகர் ஹாரி வெய்ச் ஆளனுப்பித் தேடச் சொன்னார். செடி கிடைத்தது. 1881-ல் ஹூக்கர் அதற்கு நார்த்தின் பெயரையே வைத்தார்: நெப்பந்தஸ் நார்த்தியானா. படம் முதலில் வந்தது, செடி பின்னால் வந்தது.

அதே சரவாக்கில் அதே வருடம் வரைந்த இன்னொரு படம் அந்தக் கூடத்தின் சுவரிலேயே இருந்தது. காட்டுச் செடிகளின் கூட்டம்; அவற்றில் ஒன்றில் பளீரென்ற நீலப் பழங்கள். அதன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. நீலத்தை அழகுக்காகப் போட்டிருப்பார் என்று கடந்து போயிருக்கலாம். க்யூவில் வேலை செய்த ஒரு தாவர ஓவியர் கடந்து போகவில்லை. இலை அமைப்பையும் பழத்தையும் பார்த்து, காபிக் குடும்பத்தின் ஒரு பேரினத்தில் தேடலாம் என்று தோன்றி, அங்கேயே இருந்த உலர்செடித் தொகுப்பைப் புரட்டினார். பெயரிடப்படாத மாதிரி ஒன்று படத்தோடு பொருந்தியது. அதுவரை அறிவியலில் இல்லாத இனம். 2021-ல் அதற்குச் சசாலியா நார்த்தியானா என்று பெயர் வந்தது. 139 வருடமாக அந்தக் கூடத்துக்குள் வந்து போனவர்கள் எல்லோரும் அந்த நீலப் பழங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.